ஆலைகள் கிழக்கே, டாலர் மேற்கே: 2008 நெருக்கடி மாற்றியதும் மாற்றாததும்

2008 அக்டோபரில் தென்கொரிய மத்திய வங்கியின் கையில் 20,000 கோடி டாலருக்கு மேல் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இருந்தது. 1997இல் ஆசிய நாணய நெருக்கடியின்போது கையிருப்பு காலியாகி, ஐ.எம்.எஃப். என்ற பன்னாட்டு நாணய நிதியத்தின் வாசலில் போய் நின்ற நாடு அது. அந்தக் கடனை அடைக்க மக்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தையும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போட்ட மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த தங்கம் மட்டுமே 200 டன்னுக்கு மேல். இனி ஒருநாளும் அந்த நிலை வரக் கூடாது என்று பத்தாண்டுகள் பாடுபட்டுச் சேர்த்ததுதான் அந்த 20,000 கோடி.

நெருக்கடி வந்தபோது அது போதவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 940 வோன் அளவில் இருந்த மதிப்பு, அக்டோபர் கடைசியில் 1,400ஐத் தாண்டிச் சரிந்தது. மத்திய வங்கி டாலரை விற்க விற்க, ‘இன்னும் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்’ என்ற கேள்விதான் சந்தையில் பெரிதானது. அக்டோபர் 29 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தென்கொரியா, பிரேசில், மெக்சிகோ, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளின் மத்திய வங்கிகளுக்கும் தலா 3,000 கோடி டாலர் வரை நாணயப் பரிமாற்ற வசதி தருவதாகச் சொன்னது. மறுநாளே டாலருக்கு எதிராக வோனின் மதிப்பு 177 வோன் அளவுக்குக் கூடியது. சியோல் பங்குச் சந்தை ஒரே நாளில் ஏறத்தாழ 12 சதவீதம் ஏறியது.

சொந்தமாகச் சேர்த்த 20,000 கோடியால் முடியாததை வாஷிங்டனிலிருந்து வந்த 3,000 கோடிக்கான வாக்கு ஒரே நாளில் செய்து முடித்தது. சேர்த்து வைத்த பணம் என்றைக்காவது தீரும் என்று சந்தைக்குத் தெரியும். அச்சடிப்பவரிடம் அது தீராது என்பதும் தெரியும்.

2008 நெருக்கடியைப் பற்றி இன்று பேசும்போது, ‘மேற்கு விழுந்தது, கிழக்கு எழுந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அதில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். பொருளாதார அதிகாரம் என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனி அதிகாரங்கள் கலந்திருக்கின்றன. எங்கே பொருள் உற்பத்தியாகிறது, யாரிடம் உபரி சேர்கிறது, யார் கடன் கொடுக்கிறார்கள் என்பது ஒன்று. நெருக்கடி முற்றிய நாளில் எவருடைய பணம் செல்லுபடியாகும், அது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று முடிவு செய்வது மற்றொன்று. முதலாவது 2008க்குப் பிறகு பெருமளவு ஆசியாவுக்கு வந்தது. இரண்டாவது இருந்த இடத்திலேயே இருந்தது. சொல்லப்போனால் முன்னைவிட இறுகியது. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நாடுகள்தான் இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

டாலர் வறண்ட நாட்கள்

நெருக்கடி எப்படித் தொடங்கியது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. திருப்பிக் கட்டும் வசதி இல்லாதவர்களுக்கும் அமெரிக்காவில் வீட்டுக் கடன் கொடுக்கப்பட்டது. அந்தக் கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பத்திரங்களாக்கினார்கள். தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அவற்றில் பெரும்பகுதிக்கு முதல் தர முத்திரை குத்தின. வீட்டு விலை இறங்கியதும் பத்திரங்கள் மதிப்பிழந்தன. 2008 செப்டம்பர் 15 அன்று 158 ஆண்டு பழமையான லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவால் மனு போட்டது.

அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அந்தப் பத்திரங்களை வாங்கிக் குவித்தவர்களில் ஐரோப்பிய வங்கிகள் முக்கியமானவை. முதல் அபாய மணிகூட ஐரோப்பாவில்தான் அடித்தது. 2007 ஆகஸ்ட் 9 அன்று பிரான்ஸின் பி.என்.பி. பாரிபா வங்கி, தன் மூன்று முதலீட்டு நிதிகளிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்திவைத்தது. கையில் உள்ள அமெரிக்க அடமானப் பத்திரங்களுக்கு என்ன விலை என்றே கணக்கிட முடியவில்லை என்பது அது சொன்ன காரணம். இந்த வங்கிகளின் வைப்புத்தொகை பெரும்பாலும் யூரோவிலும் பவுண்டிலும் இருந்தது. பத்திரம் வாங்கத் தேவைப்பட்ட டாலரை நியூயார்க்கின் குறுகியகாலப் பணச் சந்தையில் கடனாக வாங்கின. சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ மட்டுமே கிடைக்கும் கடன் அது. தவணை முடிந்ததும் மறுபடி புதுப்பிக்க வேண்டும். முப்பது வருட வீட்டுக் கடனை, மாதாமாதம் புதுப்பிக்க வேண்டிய கைமாற்றை வைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள்.

லேமன் விழுந்த மறுநாள், ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச் சந்தை நிதியின் ஒரு டாலர் பங்கு 97 சென்ட் ஆனது. லேமனின் கடன் பத்திரங்களில் அது 78.5 கோடி டாலர் போட்டிருந்தது. மூன்று சென்ட் பெரிய தொகை இல்லைதான். ஆனால் வங்கிச் சேமிப்புக் கணக்குக்கு நிகராக மக்கள் நம்பிய இடம் அது. எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடினார்கள். அந்த நிதிகளை நம்பித்தான் ஐரோப்பிய வங்கிகள் டாலர் கடன் வாங்கிக்கொண்டிருந்தன, அதுவும் நின்றது. ஐரோப்பிய மத்திய வங்கியால் எவ்வளவு யூரோ வேண்டுமானாலும் தர முடியும். ஒரு டாலரைக்கூட உருவாக்க முடியாது.

இந்த இடத்தில்தான் ஃபெடரல் ரிசர்வ் நுழைந்தது. நாணயப் பரிமாற்றம் என்பதன் அமைப்பு எளிமையானது. ஐரோப்பிய மத்திய வங்கி யூரோவைக் கொடுத்து, அன்றைய மாற்று விகிதத்தில் டாலரை வாங்கிக்கொள்ளும். குறித்த நாளில் அதே விகிதத்தில் டாலரைத் திருப்பிக் கொடுத்து, வட்டியையும் கட்டி, தன் யூரோவை மீட்டுக்கொள்ளும். இடையில் டாலர் ஏறினாலும் இறங்கினாலும் ஃபெடரல் ரிசர்வுக்கு நட்டமில்லை. 2007 டிசம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கிக்கும் சுவிஸ் மத்திய வங்கிக்கும் இது முதலில் தரப்பட்டது. 2008 அக்டோபருக்குள் பட்டியல் 14 மத்திய வங்கிகளாக விரிந்தது. ஐரோப்பா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜப்பான் நான்குக்கும் உச்சவரம்பே எடுக்கப்பட்டது. அந்த டிசம்பரில் இப்படி வெளியே போயிருந்த தொகை 58,000 கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதற்கு வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. உள்நாட்டு வங்கிகளுக்கான 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தைப் பற்றித்தான் நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

நெருக்கடியின் பிறப்பிடம் அமெரிக்கா. ஆனால் அந்த வாரங்களில் டாலர் மதிப்பு ஏறியது. உலகம் முழுவதும் முதலீட்டாளர்கள் கையில் இருந்ததை விற்று அமெரிக்க அரசின் கடன் பத்திரத்தை வாங்கினார்கள். தீப்பிடித்த வீட்டுக்குள்ளேயே ஊர் முழுக்க ஓடிப்போய் ஒளிந்துகொண்டதைப் போல இருந்தது அது. அந்த செப்டம்பரில்தான், அமெரிக்க அரசுக்கு மிக அதிகமாகக் கடன் கொடுத்த வெளிநாடு என்ற இடத்தில் ஜப்பானை முந்திக்கொண்டு சீனா வந்து அமர்ந்தது.

யாருக்கு வசதி தருவது என்று ஃபெடரல் ரிசர்வுக்குள் நடந்த விவாதத்தின் எழுத்துப் பதிவு 2014இல் வெளியானது. பொருளாதாரம் எவ்வளவு பெரியது, அந்த நாடு சறுக்கினால் உலகச் சந்தையையும் அமெரிக்காவையும் எவ்வளவு பாதிக்கும், நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா என்பவைதான் அளவுகோல்கள். அந்த 14 பேரில் இந்தியா இல்லை. சீனா இல்லை, ரஷ்யா இல்லை, இந்தோனேசியாவும் இல்லை. இதில் சதி எதையும் நான் பார்க்கவில்லை. ஓர் அமெரிக்க நிறுவனம், அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டு, அமெரிக்க நலனைக் கணக்கில் வைத்து எடுத்த முடிவு. ஆனால் உலகம் முழுவதும் கடனையும் வணிகத்தையும் டாலரில் நடத்திவிட்டு, அந்த டாலர் வறண்டுபோகும் நாளில் யார் பிழைப்பது என்பதை ஒரு நாட்டின் மத்திய வங்கிக் கூட்டம் முடிவு செய்வது நியாயமான ஏற்பாடு ஆகாது. அந்த முடிவைப் பற்றி எதுவும் சொல்ல உரிமையில்லாதவர்கள்தான் உலகில் பெரும்பான்மையோர்.

இந்தியா அப்போது தன் கையிருப்பையும் உள்நாட்டு வட்டியையும் வைத்தே சமாளித்தது. ஒய்.வி. ரெட்டி ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த காலத்திலேயே ரியல் எஸ்டேட் கடனுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தார். அப்போது அதைப் பிடிவாதம் என்று விமர்சித்தவர்கள் பலர். லேமன் விழுவதற்குப் பத்து நாள் முன்பு பொறுப்பேற்ற சுப்பாராவ், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை, 9 சதவீதத்திலிருந்து 2009 ஏப்ரலுக்குள் 4.75 சதவீதத்துக்கு இறக்கினார். வங்கிகள் தப்பின. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சூரத் வைரப் பட்டறைகளுக்கும் வர வேண்டிய ஆர்டர் வரவில்லை. வேலை போனவர்களுக்கு ரெப்போ விகிதம் சோறு போடவில்லை.

பெய்ஜிங் கொட்டிய கான்கிரீட்

2008 அக்டோபரில் சீனாவின் டோங்குவான் நகரில் ஸ்மார்ட் யூனியன் என்ற பொம்மைத் தயாரிப்பு நிறுவனம் தன் ஆலைகளை மூடியது. மேட்டல், ஹாஸ்ப்ரோ போன்ற அமெரிக்க நிறுவனங்களுக்குப் பொம்மை செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஆலைகள் அவை. கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓட வேண்டிய மாதத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள், சம்பளப் பாக்கி கேட்டு. 2009 பிப்ரவரியில், கிராமப்புறக் கொள்கைக்குப் பொறுப்பான அதிகாரி சென் ஷிவென் பெய்ஜிங்கில் ஒரு கணக்குச் சொன்னார்: வேலை இழந்து ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் சுமார் 2 கோடி. அமெரிக்க வீட்டுக் கடனைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்காத 2 கோடிப் பேர்.

சீன அரசு நவம்பர் 9ஆம் தேதியே செயலில் இறங்கியிருந்தது. 4 லட்சம் கோடி யுவான் செலவுத் திட்டம். அன்றைய மதிப்பில் சுமார் 58,600 கோடி டாலர். ஃபெடரல் ரிசர்வின் பரிமாற்ற வசதி உச்சத்தில் தொட்ட தொகையும் ஏறத்தாழ இதுவே. இரண்டு பெரிய வல்லரசுகள், ஒரே காலத்தில், கிட்டத்தட்ட ஒரே அளவு பணம். ஆனால் வாஷிங்டன் செய்தது கணக்கேட்டில் ஒரு பதிவு. ஓராண்டுக்குள் பெரும்பகுதி வட்டியோடு திரும்பி வந்தது, நட்டம் ஒரு காசுகூட இல்லை. சீனா செய்தது இரும்பும் சிமெண்ட்டும் கடனும். 4 லட்சம் கோடியில் மத்திய அரசு நேரடியாகப் போட்டது 1.18 லட்சம் கோடி யுவான்தான். மற்றது உள்ளாட்சி அரசுகளின் தலையிலும் வங்கிகளின் தலையிலும் விழுந்தது. 2009 ஒரே ஆண்டில் சீன வங்கிகள் புதிதாகக் கொடுத்த கடன் 9.59 லட்சம் கோடி யுவான். முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

விளைவு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்–தியான்ஜின் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபோது அதுவே பெரிய செய்தி. 2020 முடிவில் அந்த நாட்டின் அதிவேக ரயில் பாதை சுமார் 38,000 கிலோமீட்டர். சீனாவின் பசிக்கு ஆஸ்திரேலியாவின் இரும்புத் தாதுவும் சிலியின் செம்பும் பிரேசிலின் சோயாவும் போயின. அந்த நாடுகள் நெருக்கடியிலிருந்து சீக்கிரம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2009இல் ஜெர்மனியை முந்தி உலகின் முதல் ஏற்றுமதி நாடானது சீனா. 2010இல் ஜப்பானை முந்தி இரண்டாவது பெரிய பொருளாதாரமானது. அன்று ஏறிய கடன் மட்டும் இறங்கவே இல்லை. உள்ளாட்சி அரசுகள் நிலத்தை விற்றுக் கடனைச் சமாளித்தன. நிலத்தை வாங்கிய கட்டுமான நிறுவனங்கள் கடன் வாங்கிக் கட்டின. அந்தச் சங்கிலியின் நுனியில் இருந்த எவர்கிராண்டே 2021இல் கடன் தவணை தவறியது; 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்கச் சொன்னது. உலகத்தை 2009இல் தாங்கிப் பிடித்ததற்கான செலவைச் சீனக் குடும்பங்கள் பாதி கட்டிய அடுக்குமாடிகளில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கின்றன.

நாற்காலி கிடைத்தது

அதிகாரம் நகர்ந்ததற்கான முறையான ஏற்பு, பெரிய பொருளாதாரங்களின் கூட்டமைப்பான ஜி20 வழியாக வந்தது. அதுவரை உலகப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவது ஏழெட்டுப் பணக்கார நாடுகளின் வேலை. 2008 நவம்பரில் வாஷிங்டனிலும், 2009 ஏப்ரலில் லண்டனிலும் இந்தியா, சீனா, பிரேசில், இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா தலைவர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டியிருந்தது. அவர்கள் பணம் இல்லாமல் ஐ.எம்.எஃப். நிதியைப் பெருக்க முடியாது என்பதே நிஜம். அந்த செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில், இனி பொருளாதார ஒத்துழைப்புக்கு முதன்மையான மேடை ஜி20தான் என்று அறிவித்தார்கள்.

அதற்கு முன்பே, 2009 மார்ச்சில், சீன மத்திய வங்கி ஆளுநர் ஜோ ஷியாவ்சுவான் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரு தேசத்தின் நாணயமே உலகக் கையிருப்பு நாணயமாகவும் இருந்தால், உள்நாட்டுத் தேவையும் உலகத் தேவையும் மோதும், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு கையிருப்பு அலகு வேண்டும், ஐ.எம்.எஃப். தன் உறுப்பு நாடுகளுக்கு ஒதுக்கும் எஸ்.டி.ஆர். என்ற கணக்கு அலகு அதற்குத் தொடக்கமாக இருக்கலாம் என்பது அதன் சாரம். 1940களில் பிரிட்டிஷ் பொருளியலாளர் கீன்ஸ் முன்வைத்து அமெரிக்கா ஒதுக்கிய ‘பேங்கோர்’ என்ற உலக நாணய யோசனையையும் அவர் நினைவுபடுத்தினார். இன்று படித்தாலும் அந்த வாதத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் வாதத்தால் நாணயம் மாறுவதில்லை.

ஐ.எம்.எஃப். வாக்குப் பங்கை மாற்ற 2010இல் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர 2015 டிசம்பர் ஆனது. அப்படி மாறிய பிறகும் சீனாவின் வாக்கு 6 சதவீத அளவு. சீனப் பொருளாதாரத்தில் பாதிகூட இல்லாத ஜப்பானுக்கு ஒரு படி கீழே. முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் 16.5 சதவீதம் இருக்கிறது, அதாவது தடுக்கும் உரிமை அவர்களிடமே.

பொறுத்துப் பார்த்து அலுத்த நாடுகள் தனியாகக் கடை விரித்தன. 2009 ஜூனில் ரஷ்யாவின் எகாட்டரின்பர்க் நகரில் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகிய பிரிக் நாடுகளின் முதல் மாநாடு நடந்தது. 2014இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் அவர்களுடைய புதிய வளர்ச்சி வங்கிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஷாங்காயில் தலைமையகம், முதல் தலைவராக இந்தியாவின் கே.வி. காமத். டாலரின் நிழலிலிருந்து வெளியேறும் முயற்சி என்று அதைக் கொண்டாடியவர்கள் உண்டு. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், அந்த வங்கி ரஷ்யாவில் புதிய கடன்களை நிறுத்திவைத்தது. ரஷ்யா அதன் நிறுவன உறுப்பினர், தலைமையகம் சீனாவில். ஆனாலும் அந்த வங்கி கடன் திரட்டுவதில் பெரும்பங்கு டாலரில். தடை விதிக்கும் நாட்டை எதிர்த்தால் நாளைக்குப் பத்திரம் விற்க முடியாது. நான் சொல்லவரும் இரண்டு அதிகாரங்களின் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறு எனக்குத் தெரியவில்லை.

பிரேயஸ் துறைமுகம்

கிழக்கு எழுந்தது சரி, விழுந்தது யார்? அமெரிக்கா என்று சொல்வது பழக்கம். அங்கே 87 லட்சம் வேலைகள் போயின, லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. அந்தக் காயம் அந்த நாட்டின் அரசியலை இன்றுவரை ஆட்டுகிறது. ஆனால் ஒரு நாடாக அது மீண்டது. மீளாதது ஐரோப்பா. 2008இல் யூரோ மண்டலத்தின் மொத்த உற்பத்தி 14 லட்சம் கோடி டாலருக்குச் சற்று மேல். அமெரிக்காவினுடையது 15 லட்சம் கோடிக்குச் சற்றுக் கீழ். 2023இல் அமெரிக்கா 27 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது, யூரோ மண்டலம் 16 லட்சம் கோடியைக்கூடத் தொடவில்லை. 2008இல் யூரோ மதிப்பு மிக உயரத்தில் இருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது.

இந்தச் சரிவைக் கிட்டத்தில் பார்க்க ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்துக்குப் போக வேண்டும். 2008 நவம்பரில், லேமன் விழுந்த சூடு ஆறும் முன், சீன அரசின் கப்பல் நிறுவனமான காஸ்கோ அங்கே இரண்டு சரக்குப் பெட்டக முனையங்களை 35 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கிரேக்கத்தின் புதிய அரசு, முந்தைய அரசு காட்டிய பற்றாக்குறைக் கணக்கு பொய் என்று அறிவித்தது. 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ மீட்புக் கடன் வந்தது, அதோடு நிபந்தனைகளும். ஓய்வூதியம் வெட்டப்பட்டது, மருத்துவமனைச் செலவு வெட்டப்பட்டது. 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. அரசுச் சொத்துகளை விற்றுக் கடனைக் கட்டு என்றார்கள் கடன் கொடுத்த ஐரோப்பியர்கள். விற்பனைக்கு வந்த துறைமுக நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை 2016இல் 28.05 கோடி யூரோவுக்கு வாங்கியதும் காஸ்கோதான். 2021இல் பங்கு 67 சதவீதமானது. 2019இல் பிரேயஸ் கையாண்டது 50 லட்சம் பெட்டகங்களுக்கு மேல். குத்தகைக்குப் போன காலத்தில் இது பத்து லட்சத்தைக்கூட எட்டவில்லை.

ஐரோப்பாவின் பெரிய துறைமுகம் ஒன்றைச் சீன அரசு நிறுவனத்தின் கைக்குத் தள்ளியது சீனாவின் தந்திரம் மட்டும் அல்ல. விற்றே தீர வேண்டும் என்று சக ஐரோப்பிய நாடுகள் கொடுத்த நெருக்குதல்தான் பெரிய பங்கு வகித்தது.

கொழும்பில் முடிந்த கணக்கு

2009 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி ஐ.எம்.எஃப்.பிடமிருந்து 200 டன் தங்கத்தை 670 கோடி டாலருக்கு வாங்கியது. 1991இல் இறக்குமதிக்குப் பணமில்லாமல் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்த நாடு அது. பார்த்தவர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்த தருணம்தான். நான்கே ஆண்டில், 2013 மே மாதம், ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பெர்னான்கி ‘பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம்’ என்று ஒரு வாக்கியம் சொன்னார். ஆகஸ்ட் 28 அன்று ரூபாய் ஒரு டாலருக்கு 68.8 என்று சரிந்தது. வெளிநாடு வாழ் இந்தியர்களின் டாலர் வைப்புகளுக்கும் வங்கிகள் வெளிநாட்டில் வாங்கும் கடனுக்கும் சலுகை கொடுத்து, 3,400 கோடி டாலர் திரட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

அந்த வாக்கியத்துக்கு அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது? 2008 டிசம்பரில் அமெரிக்க வட்டி பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது. ஏழு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. பத்திரம் வாங்கி வாங்கி ஃபெடரல் ரிசர்வின் இருப்புநிலை ஒரு லட்சம் கோடி டாலருக்குக் கீழிருந்து 4.5 லட்சம் கோடிக்குப் போனது. நியூயார்க்கில் வட்டி கிடைக்காத பணம் உலகம் முழுக்க வட்டி தேடி அலைந்தது. ஜாம்பியா 2012இல் முதல்முறை டாலர் பத்திரம் விற்றது, 2020இல் தவணை தவறியது. இலங்கை 2007இல் 50 கோடி டாலரோடு தொடங்கியது; போர் முடிந்த பின் கிட்டத்தட்ட வழக்கமாகவே விற்றது. 2022இல் அந்தப் பத்திரக் கடன் மட்டும் 1,250 கோடி டாலர் அளவில் நின்றது. இலங்கையின் வீழ்ச்சிக்குச் சீனக் கடன்தான் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது உண்மை. ஆனால் வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு, மேற்கத்திய முதலீட்டு நிதிகள் வாங்கிய இந்த டாலர் பத்திரங்கள்தான். வரியைக் குறைத்ததும் உரத்தைத் தடை செய்ததும் கொழும்பின் சொந்தத் தவறுகள். மலிவாகக் கடன் கிடைத்த பத்தாண்டுகள் 2008இன் பின்விளைவு.

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை கடன் தவணைகளை நிறுத்தியது. மே மாதத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி, பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் நின்றார்கள். வரிசையில் நின்றபடியே உயிர்விட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். அப்போது மத்திய வங்கியின் கணக்கில் சீனாவிடம் பெற்ற 1,000 கோடி யுவான் பரிமாற்றத் தொகை இருந்தது. மதிப்பு சுமார் 150 கோடி டாலர். அதைத் தொட முடியவில்லை. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் பயன்படுத்தலாம் என்பது ஒப்பந்த நிபந்தனை. டீசல் கப்பலுக்குப் பணம் வந்தது இந்தியாவின் கடன் வசதியிலிருந்து. ரிசர்வ் வங்கியின் 40 கோடி டாலர் பரிமாற்ற வசதி, ஒத்திவைத்த தவணைகள், உணவுக்கும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் தந்த கடன் எல்லாம் சேர்ந்து அந்த ஆண்டு இந்தியா கொடுத்தது சுமார் 400 கோடி டாலர். அக்கம்பக்கத்துக்கு டாலர் கொடுத்து உதவும் நாடாக இந்தியா வளர்ந்திருப்பது மெய்யான மாற்றம். கொடுத்தது டாலர்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உலகக் கையிருப்பில் டாலரின் பங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது. இப்போது 60க்குக் கீழே. யுவான் 2 சதவீத அளவிலேயே நிற்கிறது. 2022இல் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு முடக்கியதைப் பார்த்த மத்திய வங்கிகள் யுவானைவிடத் தங்கத்தையே தேடுகின்றன. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின. அர்ஜென்டினா 2023இல் ஐ.எம்.எஃப். தவணையின் ஒரு பகுதியைச் சீன யுவானில் கட்டியபோது புதிய யுகம் என்றார்கள். 2025 அக்டோபரில் பெசோ சரிந்தபோது அதே நாடு அமெரிக்கக் கருவூலத்தின் 2,000 கோடி டாலர் வசதியைப் பற்றிக்கொண்டது. அது அமெரிக்க அதிபரின் அரசியல் நண்பர் ஆளும் நாடு என்பதால் கிடைத்தது. 2008இல் இருந்த அளவுகோல்களாவது பொருளாதாரம் சார்ந்தவை.

இலங்கையின் கடனை மறுசீரமைக்க அமர்ந்த மேசையில் புதிய உலகம் நன்றாகவே தெரிந்தது. கடன் கொடுத்த அரசுகளின் குழுவுக்கு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் கூட்டாகத் தலைமை ஏற்றன. சீனாவின் எக்ஸிம் வங்கி அதில் சேராமல் 420 கோடி டாலருக்குத் தனியாகப் பேசி முடித்தது. பத்திரம் வைத்திருந்த நிதி நிறுவனங்கள் 2024 டிசம்பரில்தான் புதிய பத்திரங்களுக்கு மாறின; நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் தங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. ஒவ்வொரு தரப்புக்கும் பேச வழக்கறிஞரும் ஆலோசகரும் இருந்தார்கள்.

எல்லோருக்கும் முன்பாக, 2023 செப்டம்பரிலேயே, தொழிலாளர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் கணக்கு முடிக்கப்பட்டது. நிதியின் கையில் இருந்த அரசுப் பத்திரங்களை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும்; 2025 வரை 12 சதவீத வட்டி, பிறகு 9. மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு 14க்குப் பதிலாக 30 சதவீத வரி. உள்ளூர் வங்கிகளுக்கு இதிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலியிலிருந்து மாதாமாதம் பிடித்த பணமும் அந்த நிதியில்தான் இருக்கிறது. அதை நிர்வகிக்கும் மத்திய வங்கி, அவளைக் கேட்கவில்லை.